இல்லாத புத்தகத்தின் நான்கு பதிவுகள்

அப்படி ஒரு புத்தகம் இல்லை. இருப்பதாக எழுதியவன் நான்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இறுதியில், மேற்கோள் நூல்களின் பட்டியலில், ஓர் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தலைப்பையும் வேலூரில் ஓர் அச்சகத்தையும் நானே யோசித்து ஒரே வரியாகத் தட்டச்சு செய்தேன். அந்த ஆசிரியர் பிறக்கவே இல்லை. அந்த அச்சகத்தில் ஓர் எழுத்துகூடக் கோக்கப்படவில்லை. எனக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை, இப்போது எழுபத்தைந்து. நடுவில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்தேன். மாணவர்களின் ஆய்வேடுகளில் மேற்கோள் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தேன். மாலை போட்டு வழியனுப்பினார்கள்.

செய்த காரணம் இது. ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர்கள் இரண்டு வகை விதையைக் கலந்து போடுவார்கள். ஒன்று சீக்கிரம் விளையும் சிட்டஞ்சாமை, இன்னொன்று தாமதமாக விளையும் பெருஞ்சாமை. மழை முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் ஏதோ ஒன்று கைக்கு வரும். அந்தக் கலப்பைத்தான் ஆராய்ந்தேன். ஆனால் மலைக்கு வந்து கேட்பதற்கு முன்பே கல்லூரிப் பண்ணையில் பாதிக்குப் பாதி கலந்து சோதனைப் பாத்திகளைப் போட்டுவிட்டேன். எடை போடவும் கணக்கிடவும் அதுதான் சுலபம். பிறகு நெல்லிவாசல்நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு பெண்மணி தன் முறத்தில் கலந்து காட்டினார். பெருஞ்சாமை மூன்று கை, சிட்டஞ்சாமை ஒரு கை. மூணுக்கு ஒண்ணு. என் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன்.

நெறியாளர் கேட்டார்: "பாதிக்குப் பாதிதான் விதைக்கறாங்கன்னு எங்க பதிவாயிருக்கு?" உண்மையைச் சொன்னால் இரண்டு பருவத்துப் பாத்திகளும் வீண். "ஒரு பழைய சின்னப் புத்தகத்துல இருக்கு சார்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்ட புத்தகத்தை மறுநாள் பட்டியலில் ஏற்றினேன். யாரும் அதைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் அளவு குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

நாற்பது வருடங்களுக்கு மேல் இது என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டிவிட்டது ஒரு மென்பொருள்.

மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று மருத்துவர் சொன்னதால், மூன்று வருடங்களுக்கு முன் அதே மலையில் புதூர்நாட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். கூடவே ஏழு செருப்புப் பெட்டிகள் வந்தன. வாழ்நாள் முழுக்கப் படித்த கட்டுரைகளை ஒன்றுக்கு ஓர் அட்டையாக எழுதி அவற்றில் அடுக்கியிருந்தேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பாதி அட்டைகளைக் கரையான் ருசி பார்த்திருந்தது. பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில், "சார், இதுக்கெல்லாம் இப்ப இலவச மென்பொருள் இருக்கு, மேற்கோளை எல்லாம் அதுவே வெச்சுக்கும்" என்றார். மடிக்கணினியில் இறக்கிக்கொண்டேன்.

முதல் நாள் அனுபவத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இப்போது ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணைப் பெட்டியில் இட்டுப் பொத்தானை அழுத்தினேன். தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், தொகுதி, பக்கங்கள், எல்லாம் தானாக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. நான் சத்தமாகச் சிரித்தேன். ஓர் அட்டை எழுத எனக்குக் கால்மணி நேரம் ஆகும். இது மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் போதும், அது யாருடையது என்று தானே கண்டுபிடித்துச் சொன்னது. ஒரே கட்டுரை இரண்டு முறை வந்துவிட்டால், 'இவை இரண்டும் ஒன்றா? சேர்க்கட்டுமா?' என்று கேட்டது. நம் ஊர்ப் பெயர்களில்தான் தடுமாறியது. முதலெழுத்தைக் குடும்பப்பெயர் என்று நினைத்துக்கொண்டு என் பழைய சகாக்கள் பலரைத் தகப்பன் பெயரில் அடுக்கிவைத்தது. ஒவ்வொருவராகத் திருத்தினேன். அதுகூட விளையாட்டாக இருந்தது.

சிக்கல் ஒன்றுதான். எங்கள் தெருவில் இணையம் வராது. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் நின்றால் வரும். தினமும் காலையில் மடிக்கணினியையும் ஒரு பெட்டி அட்டைகளையும் தூக்கிக்கொண்டு போவேன். திருப்பத்தூருக்கு ஆள் சேர்க்கும் ஜீப் அங்கேதான் நிற்கும்.

"இன்னா சார், இன்னிக்கு எத்தினி மாட்டுச்சு?" என்பார் ஓட்டுநர்.

"முப்பத்திரண்டு."

"பெருசு எதுனா?"

"ஒரு ஜெர்மன்காரர் எழுதினது. நாற்பது பக்கம்."

"சுத்தம் பண்ணி வெய்ங்க சார், போய்ட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்று வண்டியைக் கிளப்புவார். ஏறியிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் மீன் பிடித்தவனின் சந்தோஷம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆசிரியை வந்தார். நெல்லிவாசல்நாட்டில் பிறந்தவர், மலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். பொருள், மலைப் பெண்களின் விதை வழக்கங்கள். தொட்டியடியில் ஒரு கிழவர் கட்டுரை பிடிக்கிறார் என்று ஜீப்பில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தேடி வந்திருந்தார். நான் அந்தப் பழைய ஆய்வேட்டை எழுதியவன் என்று தெரிந்ததும், "சார், உங்களைத்தான் முதல் அத்தியாயத்துலயே சைட் பண்ணி, மேற்கோளா போட்டிருக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

அந்த மென்பொருளில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது நூலகம் ஒன்றை அமைக்க முடியும். நாங்கள் இருவரும் ஒன்று அமைத்தோம். ஒரு சனிக்கிழமை அவர் தம் ஆய்வேட்டின் மேற்கோள்கள் அனைத்தையும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுவந்தார். இறக்குமதி கொடுத்தேன். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது. அவருடைய இருநூறும் என்னுடையவற்றோடு கலந்தன. ஒரே மாதிரி இருப்பவற்றைக் காட்டு என்று அழுத்தினேன்.

பட்டியலின் மேலேயே அது நின்றது. என் புத்தகம்.

என் அட்டைகளில் அது கிடையாது. படிக்காத புத்தகத்துக்கு அட்டை எழுதும் அளவுக்கு நான் துணிந்தவனல்ல. அவருடைய கோப்பிலிருந்துதான் வந்திருந்தது, அதுவும் நான்கு பதிவுகளாக. ஒன்று நான் எழுதிய அதே வரி. இன்னொன்றில் யாரோ ஆசிரியரின் முதலெழுத்தை விரித்து அவருக்கு ஒரு தகப்பனைக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதில் ஆண்டு பத்து வருடம் தள்ளிப் போய், 'மறுபதிப்பு' என்று சேர்ந்திருந்தது. நான்காவதில் பக்க எண் இருந்தது. நாற்பத்தொன்று. நான் பக்க எண்ணே போடவில்லை! எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்து எழுதி, அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழுதி, பிறக்காத மனிதருக்கு வம்சம் வளர்ந்திருந்தது.

'இவை நான்கும் ஒன்றா? சேர்க்கட்டுமா?' என்று மென்பொருள் கேட்டது.

"சேத்துடுங்க சார்" என்றார் ஆசிரியை, என் தோளுக்குப் பின்னாலிருந்து. "நல்லவேளை, நானே கேக்கணும்னு இருந்தேன். எல்லாத்துக்கும் பிடிஎஃப் வெச்சிருக்கேன், இது ஒண்ணுக்குத்தான் இல்ல. எந்த லைப்ரரியிலயும் கெடைக்கல. உங்ககிட்ட இருக்குமில்ல?"

"பழைய பெட்டியில இருக்கும். தேடிப் பாக்கறேன்" என்றேன்.

முதல் பொய்யை இளைஞனாகச் சொன்னேன், மன்னிக்க இடமிருக்கலாம். இந்த இரண்டாவதை எழுபதைத் தாண்டிய வயதில், தெரிந்தே, ஒரு நொடியும் தயங்காமல் சொன்னேன். இதுதான் எனக்கு இன்று அதிகம் கூசுகிறது.

இரண்டு வாரம் ஒளிந்தேன். தொட்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"சார், அந்தப் புக்கு கெடைக்கலன்னா பரவால்ல. நான் மாத்திடறேன்."

"எதை?"

"என் டேட்டாவ. எங்க நாட்டுப் பொம்பளைங்க மூணுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க. கைடு ஒத்துக்கல. முன்னாடி பதிவானது பாதிக்குப் பாதி, பத்திருபது பேரு சைட் பண்ணிருக்காங்க, உங்க ஊர்க்காரங்க ஞாபகப் பிசகா சொல்றாங்கம்மா, அந்தப் பகுதிய எடுத்துடுங்கன்னு சொல்றாரு. அடுத்த மாசம் குடுத்தாகணும். இல்லன்னா கெடு முடிஞ்சிடும், ஆறு வருஷம் போச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கம்மாதான் முதல் ஆளு மூணுன்னு சொன்னது. நான் நம்பல சார். புக்குல பாதின்னு போட்டிருக்கு, ஒனக்கு நெனப்பு தப்பிப்போச்சும்மான்னு ரெண்டு தரம் சொல்லிட்டேன். அழுதுடுச்சு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "டீச்சர், அந்தப் புத்தகம் இல்ல" என்றேன்.

"அதான் சொன்னேனே சார், பரவால்ல..."

"எங்கயுமே இல்ல. நான் கட்டி எழுதினது."

அவர் முதலில் சிரித்தார். வயதானவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார். நான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப அந்த மறுபதிப்பு?"

"அது யார் போட்டதுன்னு எனக்கே தெரியாது."

குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். மூணுக்கு ஒண்ணு என்று என் கையெழுத்து. அவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "நெல்லிவாசல்நாட்டில் ஒரு பெண்மணி" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"பேரு?"

"கேட்கல."

"சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"இல்லாத ஆளுக்குப் பேரு வெச்சீங்க. சோறு போட்டவங்களுக்கு இல்ல." அவர் குரல் உயரவில்லை. எழுந்து வாசல்வரை போனார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அங்கே நின்றபடி கேட்டார்: "பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தருவீங்களா? கையெழுத்து போட்டு?"

"இப்பவே."

"பத்தாது சார். உங்க வாயால மூணுன்னு சொன்னா கைடு நம்புவாரு, எங்கம்மா சொன்னா நம்பமாட்டாரு. அது எனக்கு வேணாம். விதைப்பு ஆரம்பிக்கப் போவுது. ஊரூராப் போய் எடை போடப்போறேன். தராசு தூக்க ஒரு ஆளு வேணும். வர்றீங்களா?"

தண்டனை இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த பத்து நாட்கள் பகிர்வு ஜீப்பிலும், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்தும் நெல்லிவாசல்நாட்டின் ஊர்களைச் சுற்றினோம். மூச்சிரைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. சமையலறைக்கு விற்கும் மின்தராசு ஒன்றை நான் தூக்கினேன். முறை எளிது. ஒரு பெண்மணியின் வீட்டில் இரண்டு விதைக் கூடைகளையும் முதலில் எடை போடுவோம். அவர் வழக்கம்போலத் தம் நிலத்துக்குக் கலப்பார். எத்தனை கை என்று நாங்கள் கேட்கமாட்டோம். கலந்த பிறகு கூடைகளை மறுபடி எடை போட்டால், எதிலிருந்து எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். ஒருவர் கலப்பதை இன்னொருவர் பார்க்காமல் ஆசிரியை பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு முதல் வேலையாகப் பெயரை எழுதிக்கொண்டார்.

தொடங்கியது அவருடைய அம்மாவிடம். என்னை மேலும் கீழும் பார்த்தார் அந்த அம்மா.

"இவருதானா பொஸ்தகம் போட்டவரு?"

"போடாதவரும்மா" என்றார் மகள்.

"போடாமலே இம்மாம் வம்பா? போட்டிருந்தா இன்னா ஆயிருக்குமோ!" என்று முறத்தை இழுத்தார். "சாரே கலக்கட்டும், பாப்போம்."

கலந்தேன். முப்பது வருடம் சாமையைப் பற்றிப் பாடம் நடத்திய கை. இரண்டாவது பிடியிலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். என் விரலிடுக்கில் பாதி விதை ஒழுகிக்கொண்டிருந்தது. "கோழிக்கு எறைக்கிறாரு" என்றாள் ஒருத்தி. "வுடுங்க சார், வெத பாவம்" என்று அம்மா முறத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஆசிரியை மற்றப் பெண்களை வெளியே அனுப்பியதும் அம்மாவின் கை நான்கு முறை போய் வந்தது, அவ்வளவுதான். தராசைப் பார்த்தோம். மூன்றுக்கு ஒன்று, ஒரு சிட்டிகை கூடக்குறைய.

மகள் அம்மாவைப் பார்த்தார். "நீ சொன்னது சரிதாம்மா."

"நான் சொன்னப்ப தப்பு, டப்பா சொன்னா சரியா?" என்றார் அம்மா தராசைக் காட்டி. மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, சிந்திய விதையைப் பொறுக்கினார்.

ஐந்தாவது ஊரில்தான் அசல் விஷயம் அகப்பட்டது. ஒரு வீட்டில் இரண்டுக்கு ஒன்று வந்தது. அடுத்த வீட்டில் நான்குக்கு ஒன்று. ஆசிரியைக்கு முகம் விழுந்தது. எல்லாம் கலைந்துவிட்டது என்று நினைத்தார். நான்தான் கேட்டேன், "உங்க நிலம் எங்கம்மா இருக்கு?" நான்கு கை போட்டவர் மேலே, பாறைச் சரிவைக் காட்டினார். இரண்டு கை போட்டவரின் நிலம் கீழே, ஓடையோரம். மறுபடி எல்லா வீடுகளின் எண்களையும் எடுத்து நிலத்தோடு வைத்துப் பார்த்தோம். சரிவு ஏற ஏற, கல் கூடக்கூட, பெருஞ்சாமை கூடியது. வரிசையாக! கல்லுமேட்டு மண்ணில் வேர் பிடிக்க நாளாகும், அவசரக்காரச் சிட்டஞ்சாமை அங்கே நிற்காது என்று அந்தப் பெண்கள் நாங்கள் கேட்காமலே விளக்கினார்கள். அப்படியானால் நான் அன்று எழுதிக்கொண்ட மூன்றும் முழு உண்மை இல்லை. அது ஒரு பெண்மணியின் ஒரு நிலத்துக்கான அளவு. அன்று நான் இன்னும் நான்கு வீடு ஏறி இறங்கியிருந்தால் இதை அப்போதே கண்டிருப்பேன். ஆசிரியையும் நானும் சரிவில் நின்று ஒரே நேரத்தில் பேசினோம், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி. வாழ்க்கையில் அப்படி ஒரு பகலை நான் ஆய்வுக்கூடத்தில் கண்டதில்லை.

திரும்பியதும் கடிதம் எழுதினேன். நான் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ஆசிரியையின் நெறியாளருக்கு ஒன்று, அந்த ஆய்விலிருந்து நான் எழுதிய கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு ஒன்று. இல்லாத நூலை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலை மென்பொருளில் சேர்ந்திருந்த கட்டுரைகளிலேயே தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் எழுதத் தொடங்கினேன். பழைய சகா ஒருவர் அழைத்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? பேசாம போய்ச் சேரலாமே" என்றார். பல்கலைக்கழகம், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் அனுப்பியது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. பட்டத்தை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளட்டும். ஓர் அறிஞர் மட்டும் கோபமாக எழுதினார்: அந்தப் புத்தகத்தைத் தாம் ஒரு நூலகத்தில் நேரில் பார்த்ததாகவும், பழுப்பு அட்டை என்றும், எனக்கு மறதி வந்திருக்கலாம் என்றும். அந்தக் கடிதத்தைப் படித்து, என்னை நானே மறந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் ஒரு காலத்தில் என் மாணவர்.

நெறியாளர் அளவுகளைப் பார்த்து வழிவிட்டார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து உட்காரலாம் என்பதால் நானும் போனேன். ஆசிரியையின் அம்மா முன்வரிசையில், இரண்டு ஊர்க்காரப் பெண்களோடு. நான் மூன்றாம் வரிசையில்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டினார். "இங்க ஒருத்தர் தான் பொய் சொன்னதா கடிதம் குடுத்திருக்காரு. பொய் சொன்ன ஆளோட வாக்குமூலத்த எப்படிம்மா ஆதாரமா எடுத்துக்கறது?"

ஆசிரியை என் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்துக்க வேணாம் சார். அந்த நூல் ஏன் என் பட்டியல்ல இல்லன்னு காட்டத்தான் கடிதம். அளவுக்கு ஆதாரம் நாலாவது அத்தியாயம். யார் யார் கலந்தாங்க, எந்த நிலத்துக்கு, எவ்வளவு எடைன்னு இருக்குது. அதுல மூணு பேரு இங்கயே உக்காந்திருக்காங்க. கேக்கலாம்."

தேர்வாளர் உண்மையிலேயே கேட்டார். அந்த அம்மா எழுந்து நின்று, மைக்கை வாங்காமலே, சரிவுக்கும் ஓடையோரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். தேர்வாளர் எழுதிக்கொண்டார். என் பேச்சு எடுபடாத அந்த இடத்தில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன்.

பட்டம் அறிவித்ததும் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அம்மாவிடம் போய், "என்னால உங்களுக்கு மனக்கஷ்டம், மன்னிக்கணும்" என்றேன்.

"எம்பொண்ணு பாஸாய்ட்டா. நீ அத்த வுடு சார்" என்றவர், "கடைசி ஜீப்பு போயிடும்" என்று மகளை அதட்டப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மென்பொருளைத் திறந்தபோது எங்கள் பொது நூலகத்தைக் காணவில்லை. ஆசிரியை என்னை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார். வேலை முடிந்தது என்பதாலா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் எழுதியவர்களில் ஒருவர், இளம் ஆய்வாளர், பதில் போட்டார். தம் புதிய கட்டுரையில் அந்த நூலை எடுத்துவிட்டு என் கடிதத்தையே சான்றாகக் காட்டலாமா என்று கேட்டார். வேண்டாம், ஆசிரியையின் ஆய்வேட்டைக் காட்டுங்கள் என்று இணைப்பை அனுப்பினேன். போன மாதம் அந்தக் கட்டுரை வந்தது. மேற்கோள் பட்டியலில் என் பொய் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியையின் பெயர். உடனே அவருக்குக் கைபேசியில் அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "பாத்தேன் சார். இன்னும் எத்தினி பேருக்கு எழுதணும்?"

எண்ணிப் பார்த்து, பதினொன்று என்று அனுப்பினேன்.